ஊர் கூடி ஊரைச் சமைத்த வரலாறு

ஊர் கூடித் தேர் இழுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தேரைச் செய்த தச்சனும் சிற்பியும் எத்துணைத் திறம் படைத்தவராயினும், அவர்களால் மட்டும் அது நிலையை விட்டு நகர்வதில்லை. வடத்தைப் பற்றும் கைகள் பலவாகும்பொழுதே தேர் தெருவைக் காண்கிறது. ஊரின் கதையும் அத்தகையதே. தெருவை வகுப்பவர் ஒருவர், அதில் வாழ்பவர் வேறொருவர் என்றிருக்கும் வரையில், எவ்வளவு பொருளைக் கொட்டினாலும் ஊர் அசையாத் தேராகவே நின்றுவிடும்.

ஒரு குளமோ, தெருவோ, குடியிருப்போ அமைக்கப்படும்பொழுது அங்கு வாழப்போகும் மக்களையே முதலிற் கேட்டு, அவர்களையும் உடன் இருத்திக்கொண்டு திட்டம் வகுப்பதை இக்காலத்து அறிஞர் 'மக்கள் பங்கேற்பு வடிவமைப்பு' என்று வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது. அப்பொருளின் வரலாற்றில், பிழைப்பு நாடி வந்து நாம் வேரூன்றிய இந்த ஐதராபாத் நகருக்குச் சிறந்ததோர் இடம் உண்டு. நம்மிற் பலர் அதனை அறியார். ஆண்டு விழாக் காலத்தில் அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தருவதாகும்.

குடவோலையும் குடிமராமத்தும்

மக்களாட்சி பற்றிப் பேசத் தொடங்கும் தமிழர் எவரும் உத்தரமேரூரை மறப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் அமைப்பை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அவ்வாறு தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்னும் குழுக்களில் ஊர்ப்பணி ஆற்றினர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்தலில் இடம்பெற இயலாது. பொதுப்பணத்தைக் கையாண்டவன் பொதுமக்கள் முன் கணக்கை விரித்தல் வேண்டும் என்ற இந்த ஒரு விதிக்காகவே அக்கல்வெட்டைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம்.

எனினும் பெருமை பேசும்பொழுது உண்மையை மறைத்தல் ஆகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், மறைக் கல்வியும் உடைய ஆடவருக்கே அக்குடத்தில் ஓலை உண்டு. நிலத்தை உழுதவனுக்கு ஓலை இல்லை. ஏரியில் நீர் மொண்ட பெண்ணுக்கும் ஓலை இல்லை.

குடிமராமத்தும் அவ்வாறு இருபுறமும் நோக்கத்தக்கது. மழைக்கு முன் ஊரார் ஒன்றுகூடி ஏரிக்கரையை வலுப்படுத்தி, வாய்க்காலைத் தூர்வாரி வந்தது நம் வேளாண்மையின் உயிர்நாடியாக இருந்தது. ஆயின் மண் சுமந்தவர் பெரும்பாலும் நிலமற்றவர். நீர் பாய்ந்ததோ நிலமுடையவர் வயலில். ஆங்கில ஆட்சியார் 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, வழக்கமாக இருந்த அப்பணியைத் தண்டனைக்குரிய கடமையாக்கினர். ஏரியின் உரிமை அரசினிடம் சென்றது. உழைப்பு மட்டும் குடிகளிடம் நின்றது. உரிமை நீங்கிய இடத்தில் ஊக்கமும் நீங்குதல் இயல்பன்றோ? 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு உழவர்களும் ஒரு பங்கு தரும் முறையில் குடிமராமத்து என்னும் பெயரை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தது, அப்பழைய உறவைப் புதுப்பிக்க எண்ணியே எனலாம்.

பழமை நமக்கு விட்டுச் சென்ற கேள்விகள் இரண்டு. கேட்கப்படுவோர் யாவர்? பயன் பெறுவோர் யாவர்? பின்வரும் வரலாறு முழுவதையும் இவ்விரு கேள்விகளைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரமைப்பைப் பற்றிய புதிய சிந்தனை தமிழ் மண்ணில் கால் வைத்த நிகழ்ச்சி சுவையானது. பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் 1854-இல் பிறந்த ஸ்காட்லாந்து அறிஞர். உயிரியல் பயின்றவர், ஆதலின் ஊரையும் ஓர் உயிராகவே கண்டவர். எடின்பரோ நகரின் இடிந்த பழங்குடியிருப்பு ஒன்றில் தம் மனைவியாருடன் தாமே சென்று குடியேறி, அண்டை வீட்டாருடன் சேர்ந்து அதனைச் சீர்திருத்தியவர். அவரைச் சென்னை ஆளுநராயிருந்த பென்ட்லண்டு பிரபு 1914-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு அழைத்தார்.

கெட்டிஸ் வந்து சேர்ந்தார். அவர் பல்லாண்டுகள் அரிதின் தொகுத்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வந்து சேரவில்லை. அவற்றை ஏற்றி வந்த 'கிளான் கிரான்ட்' என்னும் கப்பலை, அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னையைக் குண்டுவீசிக் கலங்கச் செய்த அதே எம்டன் மூழ்கடித்துவிட்டது. அவர் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர்த் தஞ்சை, மதுரை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார்.

அக்காலப் பொறியாளர்கள் வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பர். கோட்டின் கீழ்ப்பட்ட வீடுகள் யாவும் இடிபடும். இடிபட்டவர் எங்குச் செல்வர் என்பது அவ்வரைபடத்தில் இராது. கெட்டிஸ் சந்துகளில் நடந்தார். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. பாழடைந்து ஆளற்றுக் கிடந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தைத் திறந்த வெளியாக்கி, மரம் நட்டு, பழைய கிணற்றைத் துப்புரவாக்கி, தெருவுக்குக் காற்றும் ஒளியும் வர வழி காட்டினார். உடலைச் சிதைக்காமல் நோயை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவத்திற்கு ஒப்பானது அம்முறை. செலவும் குறைவு; வீடிழப்போர் தொகையும் குறைவு. நம் கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளைக் கண்டு அவர் வியந்து போற்றினார்.

இந்தூரில் 1917, 1918 ஆண்டுகளில் அவர் செய்தது இன்னும் வியப்பானது. பிளேக் நோயால் அந்நகரம் நடுங்கியிருந்த காலம் அது. தீபாவளியை ஒட்டிப் பெரிய ஊர்வலம் ஒன்று நடைபெறும் என்றும், எத்தெருவார் தம் வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் நன்கு தூய்மை செய்கின்றனரோ அத்தெரு வழியாகவே அது செல்லும் என்றும் அறிவிக்கச் செய்தார். தெருக்கள் போட்டியிட்டன. குப்பை வண்டி வண்டியாக வெளியேறிற்று; எலிகள் பிடிக்கப்பட்டன; வீடுகள் செப்பனிடப்பட்டன. ஊர்வலத்தில் பிளேக்கைக் குறிக்கும் பெரிய எலி உருவம் இழுத்துச் செல்லப்பட்டது. துப்புரவுத் தொழிலாளர் தூய ஆடையும் பூமாலையும் அணிந்து மதிப்புடன் சென்றனர். ஆணையால் நடவாத ஒன்று திருவிழாவால் நடந்தது.

இப்பெரியார்க்கும் நமக்கும் ஓர் அண்மைத் தொடர்பும் உண்டு. மல்லாபூரிலிருந்து தார்நாகா வழியாகச் செல்வோர் நாள்தோறும் காணும் உஸ்மானியாப் பல்கலைக் கழகத்திற்கு அந்தப் பரந்த அடிக்மெட் நிலத்தைத் தேர்ந்தளித்தவர் கெட்டிஸே ஆவார்.

மூசி வெள்ளத்திற்குப் பின்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தின் பெரும்பகுதியை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் அறிவுரைப்படி ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. உஸ்மான் சாகர் 1920-இலும், இமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின. 1912-இல் அமைந்த நகரச் சீரமைப்பு வாரியம் நெருக்கமான குடியிருப்புகளை அகற்றி, சாலைகளை அகலப்படுத்தி, புதிய வீடுகளையும் கட்டியது.

அவை நகரைக் காத்த நற்பணிகள். இருப்பினும் அனைத்தும் மேலிருந்து கீழ் வந்த கொடை. குடிகள் அவற்றைப் பெற்றனர், வகுத்தாரில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் சிற்றூர்களையே நோக்கியது. நகரத்துச் சேரிகளில் சமுதாயம் என்ற ஒன்று உண்டா என்றே பலர் ஐயுற்றனர். பல ஊர், பல மொழி, பல சாதி மக்கள் பிழைப்பிற்காக ஒதுங்கிய இடத்தில் ஒற்றுமை எங்ஙனம் முளைக்கும் என்பது அவர்கள் கேள்வி.

அக்கேள்விக்கு விடை காணத் தில்லி மாநகராட்சி 1958-இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. அண்டை வீட்டார் கூடிய 'விகாஸ் மண்டல்' என்னும் குழுக்கள் அங்கு அமைக்கப்பட்டன. அகமதாபாத்திலும் பரோடாவிலும் அம்முறை தொடர்ந்தது. 1966-இல் மைய அரசு பல நகரங்களுக்கு அதனை விரிவாக்க முன்வந்தது. அவ்வகையில் 1967-இல் ஐதராபாத்தில் நகரச் சமுதாய வளர்ச்சித் திட்டம் பிறந்தது.

பஸ்தி பேசத் தொடங்கியது

ஒரு திட்டத்திற்கு ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் என்பது அளவு. அவர்களிடையே பணிபுரியச் சமுதாய அமைப்பாளர்களாக ஆடவரும் பெண்டிரும் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கையில் பெரும்பணம் இல்லை. அக்குறையே பின்னர் நிறைவாயிற்று என்பதை வரலாறு காட்டுகிறது. கொடுப்பதற்குப் பணம் இல்லாதவர் கேட்பதற்குக் காது உடையவராதல் வேண்டும் அன்றோ? அமைப்பாளர் பஸ்திக்குச் சென்றார்; திண்ணையில் அமர்ந்தார்; பேசினார்; பலநாள் கேட்டார். மக்கள் தம் குறைகளுள் எதனை முதலாவதாகக் கருதுகின்றனர் என அறிந்தார். ஓரிடத்தில் குழந்தைகளுக்குப் பால்வாடி; ஓரிடத்தில் பெண்களுக்குத் தையற் பயிற்சி; வேறோரிடத்தில் தண்ணீர்க் குழாய். பஸ்தியார் தமக்குள் நலக்குழுவும், இளைஞர் மன்றமும், மாதர் சங்கமும் அமைத்துக்கொண்டனர். எப்பணிக்கும் தம் பங்காகச் சிறு தொகையோ உழைப்போ இடமோ தந்தனர். தந்ததனால் அது 'நம்முடையது' ஆயிற்று.

சில ஆண்டுகளில் மைய அரசின் நேர் உதவி நின்றது. நகரங்கள் பல தத்தம் திட்டங்களைக் கைவிட்டன. ஐதராபாத் மாநகராட்சி அவ்வாறு செய்யாது, தன் பொறுப்பிலேயே அதனை நடத்தியது. மாநகராட்சி என்றால் வரியும் குப்பையும் மட்டுமே என்று எண்ணியிருந்த காலத்தில் அது துணிவான செயல். 1976 முதல் யூனிசெஃப் நிறுவனத்தின் துணை கிடைத்தது. திட்டம் நகரத்துச் சேரிகள் அனைத்தையும் நோக்கி விரிந்தது. பின்னாளில் நாட்டின் பிற நகரங்களுக்கு வகுக்கப்பெற்ற அடிப்படைச் சேவைத் திட்டங்களுக்கு இவ்வனுபவம் வழிகாட்டியாயிற்று.

இவற்றுள் தலைசிறந்தது வீட்டுப் பணி. குடிசை வாழ்வோர் நெஞ்சில் நின்ற அச்சம் ஒன்றே: 'நாளை விரட்டினால்?' மாநில அரசு நிலத்திற்குப் பட்டா வழங்க முன்வந்தபொழுது அவ்வச்சம் நீங்கிற்று. நலிந்தோர்க்கென 1972-இல் வகுக்கப்பெற்ற நான்கு விழுக்காட்டு வட்டித் திட்டத்தின்கீழ் வங்கிகள் குடும்பத்திற்கு நாலாயிரம் ரூபாய் அளவில் கடன் தந்தன. எஞ்சியதைக் குடும்பத்தாரே சேமிப்பாலும் உழைப்பாலும் ஈடு செய்தனர். தெரு எவ்வாறு செல்ல வேண்டும், யார் மனை எங்கு அமைய வேண்டும் என்பன பஸ்திக் கூட்டங்களிலேயே பேசித் தீர்க்கப்பட்டன. தெரு அகலமாக வேண்டுமாயின் தன் மனையில் இரண்டு முழம் விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பதை அதிகாரி கூறினால் சண்டை. அண்டை வீட்டார் கூறினால் உடன்பாடு. இவ்வாறு 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஒன்றையொன்று அச்செடுத்தாற்போல் அவை இருக்கவில்லை. ஒவ்வொன்றும் அவரவர் வசதிக்கும் விருப்பிற்கும் ஏற்ப அமைந்தது.

நகரத்துச் சேரியில் சமுதாயம் உண்டா என்ற ஐயத்திற்கு விடை கிடைத்துவிட்டது. அது இயல்பாக அங்கே காத்திருப்பதன்று. பொதுவான பணி ஒன்றைச் சேர்ந்து செய்கையில் உருவாவது.

பணம் வந்தபொழுது

1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசின் உதவியுடன் சேரி மேம்பாட்டுத் திட்டம் ஐதராபாத்தில் தொடங்கிற்று. பல கட்டங்களாக 1990-களின் நடுப்பகுதி வரை நடந்தது. சாலைகள், கழிவுநீர்க் கால்வாய்கள், விளக்குகள், சமுதாயக் கூடங்கள் எழுந்தன. மக்களின் நடையும் நலமும் எளிதாயின என்பதில் ஐயமில்லை. ஆயின் பணம் பெருகியபொழுது காலக்கெடுவும் பெருகிற்று. குறித்த நாளுக்குள் குறித்த தொகையைச் செலவிட வேண்டிய நெருக்கடியில், திண்ணையில் அமர்ந்து கேட்பதற்கு ஓய்வு ஏது? ஒப்பந்தக்காரர் வந்தார், வேலை முடிந்தது, சென்றார். தாம் கேளாத, தாம் கை தொடாத கால்வாய் அடைத்துக்கொண்டபொழுது, 'மாநகராட்சி வந்து பார்க்கட்டும்' என்று மக்கள் இருந்துவிடும் நிலையும் சிற்சில இடங்களில் தோன்றிற்று. கட்டடத்திற்குத் தரப்பட்ட முதன்மையால் மக்கள் பங்கும் பராமரிப்பும் பின்தங்கின என்பது அத்திட்டங்களை ஆய்ந்தோர் பலர் கண்ட குறை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அம்மையார் 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். அடிப்படிகளில் மக்கள் கூட்டப்படுவர். அவர் கருத்துக்கு மதிப்பு இராது. நடுப்படிகளில் செய்தி கூறப்படும், கருத்தும் கேட்கப்படும். முடிவு வேறிடத்தில் நிகழும். மேற்படிகளிலேதான் முடிவு செய்யும் உரிமை மக்களிடம் வரும். கூட்டத்திற்கு ஆள் சேர்த்துக் கையொப்பம் வாங்குவதையே பங்கேற்பு என்று கருதுவோர் முதற்படியில் நின்றுகொண்டு முடி தொட்டதாக எண்ணுபவராவர்.

மேற்படியில் ஏறிய மக்களுக்கு ஒரு சான்று கராச்சி நகரில் உண்டு. ஐ.சி.எஸ். பதவியைத் துறந்த அக்தர் அமீத் கான் என்பார் 1980-இல் ஒராங்கி என்னும் பெருஞ்சேரியில் பணி தொடங்கினார். அங்கு மக்களின் முதற்குறை சாக்கடை. அவர் ஒரு சந்தை ஓர் அலகாகக் கொண்டார். இருபது முப்பது வீட்டார் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, பணம் திரட்டித் தாமே குழாய் பதித்தனர். அளவெடுத்துக் கொடுத்து, முறையைக் கற்பித்தது மட்டுமே அவருடைய குழுவின் வேலை. வீட்டுக் கழிப்பிடமும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்ற பிரிவு அங்கு உருவாயிற்று. மக்கள் செய்ய வேண்டியதை அரசும், அரசு செய்ய வேண்டியதை மக்களும் சுமத்தல் ஆகாது என்பது அதன் பாடம். பங்கேற்பு என்ற பெயரால் அரசு தன் கடமையினின்று நழுவுமாயின், அது பழைய கட்டாயக் குடிமராமத்தே ஆகும்.

மல்லாபூரும் நம் சங்கமும்

இந்நகரில் தமிழர் பொதுப்பணி புதிதன்று. செகந்தராபாத்தில் சோமசுந்தர முதலியார் 1862-இல் தோற்றுவித்த பள்ளியே மெகபூப் கல்லூரியாக வளர்ந்தது. 1893-இல் விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் அங்குச் சொற்பொழிவாற்றினார். முதலியார் எழுப்பிய கூடம் எல்லா மொழியினர்க்கும் கதவு திறந்திருந்தது என்பதை நாம் நினைவில் இருத்தல் வேண்டும்.

நகரச் சமுதாய வளர்ச்சித் திட்டம் முளைத்த நாளில் நம் மல்லாபூர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. நாச்சாரமும் மல்லாபூரும் தொழிற்பேட்டைகளாயின; 1967-இல் மின்னணுக் கழகமும், 1971-இல் அணு எரிபொருள் வளாகமும் அண்மையில் தோன்றின; வேலை தேடிப் பல மாநிலத்து மக்கள் வந்து குடியேறினர். 2007-இல் உப்பல், காப்ரா உள்ளிட்ட பன்னிரண்டு நகராட்சிகள் ஐதராபாத்துடன் இணைந்து பெருநகர மாநகராட்சி உருவாயிற்று. ஊராக இருந்தது வட்டமாயிற்று. முன்பு கூப்பிடு தொலைவில் இருந்த ஊராட்சி, இன்று மனுவின் தொலைவில் இருக்கிறது.

இந்நிலையில் சங்கம் என்பது பொங்கலும் பட்டிமன்றமும் மட்டும் நடத்தும் அமைப்பாக இருந்தால் போதுமா என்பதைச் சிந்தித்தல் நம் கடன். அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபொழுது, மூன்று இலக்கம் மக்களும் மேலும் உள்ள நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைய வேண்டும் என விதித்தது. சட்டம் இடம் தந்தாலும் அவ்விடத்தில் சென்று அமர்வோர் வேண்டும். அமர்வதற்கு முன் தெருவைக் கேட்டறிந்தோர் வேண்டும்.

வரலாறு நமக்குக் காட்டும் வழி எளிது. ஒரு சந்தை எடுத்துக்கொள்ளுதல். அங்குள்ளோர் தமிழரா, தெலுங்கரா, ஒடியரா, பீகாரியரா என்று பாராது அனைவரையும் கூட்டுதல். நாம் விரும்புவதைச் சொல்லாமல், அவர் முதற்குறை யாது எனக் கேட்டல். பகலில் வீட்டிலிருந்து குழாயடியையும் சாக்கடையையும் அறிந்த பெண்களை முன்வரிசையில் இருத்துதல். சந்தின் படத்தை அவர்களே வரைதல். செய்யக்கூடியதைத் தாமே செய்து, செய்ய இயலாததை மாநகராட்சியிடம் உரிமையுடன் கேட்டல். இறுதியில், உத்தரமேரூரார் கற்பித்தவாறு, வந்த பணத்திற்கும் சென்ற பணத்திற்கும் எல்லோர் முன்னும் கணக்கு விரித்தல். இவற்றிற்குப் பெருநிதி வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். நாலாண்டுக்கு ஒரு முறை வேலை மாறிச் செல்வோர் மிகுந்த பேட்டையில் பொறுமை அரிய பொருள்தான். ஆயினும் அங்குப் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இதுவே ஊர். வேறு ஊர் இல்லை.

புலம்பெயர்ந்தவன் வாழும் இடத்தை விடுதியாகக் கருதினால் விடுதியாகவே இருக்கும். ஊராகக் கருதினால் ஊராகும். கெட்டிஸ் கடல் கடந்து வந்து அந்நியர் ஊரைத் தம் ஊராகக் கண்டார். ஐதராபாத்தின் பஸ்தி மக்கள் புறம்போக்கைத் தம் ஊராக்கிக் காட்டினர். உத்தரமேரூர்க் குடத்தில் விடுபட்டவரின் ஓலைகளையும் சேர்த்து இடும் பொறுப்பு இக்காலத்தவராகிய நம்மைச் சார்ந்தது. அப்பணியில் நம் சங்கம் ஒரு வடமாவது பற்றுமாக. சங்கம் வாழ்க! ஊர் வளர்க!